ஒரு சொட்டும் தொடவில்லை

அந்தச் சனிக்கிழமை களுபோவில மைதானத்துப் பவிலியனில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கொட்டாஞ்சேனை கிளெமென்ற், அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ், வெள்ளவத்தை வியாபாரி காசிவிஸ்வநாதன், அவருடைய மகன் தியாகு, வெள்ளவத்தைக் கழகத்தின் பெரியவர்கள் சிலர், தேநீர் கொடுக்க வந்த ஹாஷிம். வேறு எவராவது கண்ணால் கண்டதாகச் சொன்னால் அது பொய். கொட்டாஞ்சேனையில் இப்போது அரைவாசிப் பேர் அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்.

சிக்கல் வாசலிலேயே தொடங்கியது. அது உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டியின் அரையிறுதி, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும். களுபோவில வெள்ளவத்தைக்குக் கிட்ட இருப்பதால் அது அவர்களுடைய மைதானம் என்று கிளெமென்ற் முடிவு செய்திருந்தார். யாரிடமும் விசாரிக்கவில்லை. துறைமுகத்தில் தலைமை எழுதுநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விசாரிப்பது மற்றவர்கள் வேலை.

பிற ஊர் மைதானத்தில் பக்கவாசலால் போவதே மரியாதை என்று தங்கள் கழகத்தின் நீலக் கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலாளி ஓடி வந்து, கொட்டாஞ்சேனையா என்று சிங்களத்தில் கேட்டான்.

"கொட்டஹேனத?"

"ஓவ்," என்று ஆமோதித்தார் கிளெமென்ற்.

உடனே அவன் விறைப்பாக நின்று, முன்வாசலால் போகும்படி இரண்டு கைகளாலும் வழி காட்டினான்.

"பாத்தியே கொன்ஸ்ரன்ஸ், ஆள் வேலையைத் துவங்கிட்டார்."

"ஆர்?"

"உன்ர சம்பந்தி. வாசல்காரனுக்கும் சொல்லி வைச்சிருக்கிறார். கதிரை போடுவார், தேத்தண்ணி தருவார். நாளைக்குப் பொம்பிளை வீட்டார் எங்கட தயவில பந்து பாத்தவை எண்டு வெள்ளவத்தை முழுக்கக் கதைப்பினம்."

அவர்களுடைய மகள் சுரேகாவுக்கும் தியாகுவுக்கும் அடுத்த மாதம் திருமணம். பெண்ணைக் கொடுக்கிற வீடு என்பதற்காக ஒரு கோப்பைத் தேநீருக்கும் கடன்படக்கூடாது என்பது கிளெமென்ற்றின் தீர்மானம். அதில் தவறு எதுவும் இல்லை.

"முன்வாசலால போனா முழங்கால் நோகாது," என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

"கௌரவம் நோகும்."

பக்கவாசல் பூட்டியிருந்தது. பின்வாசலைத் தேடிப் போய், சேற்றில் ஒரு சப்பாத்தைப் புதைத்து எடுத்து, கடைசியில் முன்வாசலால்தான் போக வேண்டியதாயிற்று. அந்த வழி நேரே பவிலியனின் முன்வரிசையில் போய் நின்றது. கொட்டாஞ்சேனைக் கழகத்து ஆட்கள், நிர்வாகக் குழு உட்பட, எதிர்க்கரையில் கோல் கம்பத்துக்குப் பின்னால் பப்பரே வாத்தியத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் பொறுப்பில்லை.

காசிவிஸ்வநாதன் எழுந்து கைகூப்பினார். "வாங்க சம்பந்தி. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

வெள்ளைத் துணி போர்த்த இரண்டு கதிரைகள் வெறுமையாக இருந்தன. கொன்ஸ்ரன்ஸ் ஒன்றில் அமர்ந்துவிட்டார். கிளெமென்ற் மற்றதைத் தூக்கிப் பின்வரிசையில் வைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஏன் சம்பந்தி நிக்கிறீங்க?"

"பந்து நிண்டுதான் பாக்கிறனான்."

பெண் வீட்டார் நிற்கும்போது தான் இருப்பது எப்படி என்று காசிவிஸ்வநாதனும் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து வெள்ளவத்தைப் பெரியவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் மட்டும் இருந்தார்.

பந்து உருளத் தொடங்கிச் சற்று நேரத்தில் ஹாஷிம் பெரிய கேத்தலும் ஒரு தட்டு ரோல்ஸுமாக வந்து, நேரே கிளெமென்ற் காதருகில் குனிந்தான்.

"குடுக்கத் தொடங்கவா அங்கிள்?"

"என்னை ஏன் கேக்கிறாய்?"

"ஒங்களட்டத்தான் கேக்கச் சொன்ன."

கிளெமென்ற்றின் காது சிவந்தது. பிச்சை போடுகிறவன் வாங்குகிறவனிடம் சம்மதமும் எழுதி வாங்குகிறானாக்கும்.

"அப்ப கேள். கொட்டாஞ்சேனைப் பேரில ஒரு கோப்பை வெளியில வரக்கூடாது."

"ஒண்டுமே வாணாமா?"

"ஒரு ரோல்ஸ்கூட வேண்டாம். கொண்டு போ."

ஹாஷிம் அவரை ஒருமுறை பார்த்தான், வெள்ளவத்தைக்காரரை ஒருமுறை பார்த்தான், தட்டை மூடிக்கொண்டு போய்விட்டான். ரோல்ஸ் வாசனையைப் பின்தொடர்ந்து பல கண்கள் வாசல்வரை போயின.

இடைவேளையில் அந்தப் பெரியவர்கள் நின்ற கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. காசிவிஸ்வநாதன் தொண்டையைச் செருமினார். தியாகு எங்கிருந்தோ ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்து தகப்பனிடம் கொடுத்தான்.

"பார் கொன்ஸ்ரன்ஸ், சொந்த ஆக்களுக்கே ஒரு வாய் தேத்தண்ணி இல்லை. இந்த வீட்டுக்கோ பிள்ளையைக் குடுக்கிறம்?"

"நீங்கள்தானே வேண்டாம் எண்டு அனுப்பினீங்கள்."

"நான் எங்களுக்கு வேண்டாம் எண்டனான். அவைக்கு வேண்டாம் எண்டனானோ?"

அதோடு நின்றிருக்கலாம். ஒலிபெருக்கி விடவில்லை. "பிரதம விருந்தினர் திரு. காசிவிஸ்வநாதன் அவர்களுக்குக் கொட்டாஞ்சேனையின் சார்பில் திரு. கிளெமென்ற் மாலை அணிவிப்பார்," என்றது. ஹாஷிம் ஓடி வந்து ரோஜா மாலையை அவர் கையில் திணித்தான். காசிவிஸ்வநாதன் பெருமையோடு கழுத்தைச் சிறிது முன்னால் நீட்டினார்.

பெண்ணைப் பெற்றவனை ஊர் பார்க்கக் குனிய வைக்கிற திட்டம் இது என்று கிளெமென்ற்றுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

"மாலை மாத்துறதெல்லாம் அடுத்த மாசம், சம்பந்தி. அதுவும் பிள்ளையள் மாத்துவினம்," என்று சொல்லி, மாலையை வெறுங்கதிரையில் வைத்துவிட்டு, கொடியோடு இறங்கித் திறந்த படிக்கட்டுக்குப் போனார். நீட்டிய கழுத்தைக் காசிவிஸ்வநாதன் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் அவரே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மழை பிடித்தது. தியாகு குடையோடு ஓடி வந்தான்.

"மாமா, நனையுறீங்க. காய்ச்சல் வந்துரும்."

"வரட்டும் தம்பி. அது என்ர காய்ச்சல்."

பொடியன் சிறிது நேரம் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துப் பார்த்தான். அவர் ஓரடி விலகி நின்றார். அவனும் ஓரடி வந்தான். இப்படியே இருவரும் படிக்கட்டின் முடிவுவரை போனார்கள். அதற்குமேல் சுவர்.

கொட்டாஞ்சேனை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. கிளெமென்ற் சொட்டச் சொட்டப் பவிலியனுக்கு வந்து, வென்றவனின் பெருந்தன்மையோடு சம்பந்தியின் கையைப் பிடித்தார்.

"குறை நினையாதேங்கோ சம்பந்தி. தோக்கிறது வெல்லுறது சகசம். ஆனா, வந்த ஆக்களை மதிக்கத் தெரிய வேணும். ஒருக்கா எங்கட உபசாரத்தையும் வந்து பாருங்கோ."

காசிவிஸ்வநாதன் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்துட்டேன் சம்பந்தி," என்றார்.

தியாகு காரை எடுத்தான். மாலை காரின் பின் ஆசனத்தில் போயிற்று.

ஞாயிறு பூசை முடிந்தபோது கிளெமென்ற் மாதா கோயில் முற்றத்தில் தும்மிக்கொண்டே பெரிய மனிதராகியிருந்தார். அவர் தேநீர்க் கேத்தலைக் காலால் தட்டிவிட்டதாக ஒருவர் சொன்னார். சம்பந்தியின் முகத்துக்கு நேரே கோப்பையைக் கவிழ்த்ததாக இன்னொருவர் சொன்னார்.

"தட்டவுமில்லை, கவிழ்க்கவுமில்லை," என்று கிளெமென்ற் அடக்கமாகத் திருத்தினார். "தொடேல்லை. அவ்வளவுதான்."

கொன்ஸ்ரன்ஸ் அவரை ஒதுக்கமாக இழுத்தார். "நேற்றிலயிருந்து அவையிட்டயிருந்து ஒரு போன் இல்லை. சுரேகா எடுத்தாலும் தியாகு எடுக்கிறானில்லை. பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள்."

"வெக்கப்படுகினம். இண்டைக்கு வெக்கப்பட்டா நாளைக்கு மரியாதை படிப்பினம்."

அப்போது ஹாஷிம், ஒரு பெரிய பெட்டி நிறைய ஆறிப்போன ரோல்ஸோடு, நிர்வாகக் குழுவைத் தேடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். கூட்டத்தில் ஒருவர் அவனைத் தோளில் பிடித்து நிறுத்தினார்.

"வா ஹாஷிம். வெள்ளவத்தைக்காரர் குடுத்த தேத்தண்ணியில ஒரு சொட்டும் தொடாத மனிசன் இவர்தானே? நீ கண்டனீ, சொல்லு."

ஹாஷிம் பெட்டியைக் கிளெமென்ற்றின் காலடியில் இறக்கி வைத்தான்.

"வெள்ளவத்த ஆக்கள் எங்க குடுத்த? குலுக்கலில மொத வந்த பேர் கொட்டாஞ்சேன, அதால மெச் நடத்துறதும் நீங்க, டீயும் ஒங்கட, அவங்க வந்த விருந்தாளி. சம்பந்திதானே, இந்த அங்கிளே பாத்துக்கொள்ளுவார் எண்டு கமிட்டி எல்லாத்தையும் இவர்ட பொறுப்புலதான் விட்டிருந்த."