பல்துரைப் பிரமுகர்கள்

உலகத்தின் எந்த மூலையில் எந்தப் பெரிய மனிதர் செத்தாலும், அவருக்காக வாய்விட்டு அழுவதற்கு இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஓர் ஆள் இருந்தார். செத்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பார்கள்.

அவரைக் கேத ரேடியோ என்று கூப்பிடுவார்கள். தோட்டத்தில் சாவுக்குக் கேதம் என்று பெயர். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது பக்கத்து மரத்தில் ரேடியோ தொங்கும். செய்தியில் யாராவது போய்ச் சேர்ந்துவிட்டால், கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு, லயம் லயமாக ஓடி வருவார்.

"கேதமுங்க! வெளிநாட்டுல ஒரு விஞ்ஞானி தவறிட்டாருங்க. எல்லாரும் தல முழுகிடுங்க!"

"அவருக்கும் நமக்கும் எப்புடிண்ணே தீட்டு?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"வீட்டுல லைட்டு போடுறியா இல்லியா? அப்பறம் என்னா!"

ஒருமுறை ஒரு பெரிய பாடகி இறந்தபோது, அரைநாள் லீவு கேட்டு, தோட்டத்தை நடத்தும் துரையிடமே போய்விட்டார். துரை சிங்களவர்.

"அப்பே வத்தே கெனெக்த?" என்று கேட்டார் துரை. நம் தோட்டத்து ஆளா என்று அர்த்தம்.

"நே சேர். ஒக்கொமலாகே" என்றார் இவர். இல்லை, எல்லாருக்கும் சொந்தமானவர்.

லீவு கிடைக்கவில்லை. ஆனால் துரை ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றினார் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலுக்குத் தலை அரித்திருக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் தோட்டப் பள்ளிக்குத் தமிழ் படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே தங்கிவிட்டவன். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் கேத ரேடியோ என் வாசலில் வந்து நிற்பார். "சார், இந்த வருசம் செத்த பல்துரைப் பிரமுகருங்கள சொல்லுங்க. நியூஸ்ல சிலது விட்டுப்போயிருக்கும்." நான் பத்திரிகைகளைப் பார்த்துச் சொல்வேன். அவர் மனப்பாடம் செய்துகொள்வார்.

வானொலி சொன்னது 'பல்துறைப் பிரமுகர்கள்'. அவர் காதில் விழுந்தது பல துரைமார். தோட்டத்தில் பிறந்த எல்லாரும் ஒரு துரைக்குக் கீழேதான் வேலை செய்கிறார்கள். உலகம் மட்டும் எப்படி வேறாக இருக்கும்? பாடுகிறவர்களுக்குச் சங்கீதத் துரை, ஆராய்ச்சிக்காரர்களுக்கு விஞ்ஞானத் துரை.

நான் திருத்திப் பார்த்தேன். "அது துரை இல்லை ஐசே, துறை. வல்லின றகரம். எங்கே, சொல்லும் பாப்பம்."

"துரை."

"துறை!"

"அதத்தானே சார் நானும் சொல்றேன். என்னா, நீங்க கொஞ்சம் கோவமா சொல்றீங்க."

வருடத்தின் கடைசி நாள் மாலையில், ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களத்தில் எல்லாரும் கூடுவார்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லிக் கற்பூரம் கொளுத்துவார். கூட்டம், "எந்தத் துரை?" என்று கேட்கும். "பந்துத் துரை!" என்பார். பிறகு அந்த ஆளுக்கென்று ஓர் ஒப்பாரி. ஒரு கால்பந்துக் கோல்காப்பாளருக்கு, "வர்ற பந்தெல்லாம் புடிச்ச மவராசா, இந்த ஒரு பந்த விட்டுட்டியே!" என்று அவர் இழுத்தபோது, பந்தையே காணாத கிழவிகள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பள்ளியில் இதை நடித்துக் காட்டி, சக ஆசிரியர்களை நான் பல வருடம் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஒரு வருடம் அவருடைய மனைவி மாரியாயி இறந்தாள். ரப்பருக்கு மேலே, தேயிலை மலையில் கொழுந்து எடுக்கிற இடத்திலேயே சாய்ந்தவள் எழும்பவில்லை. அந்த டிசம்பரில், நான் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகும் அவர் போகாமல் நின்றார்.

"சார், மாரியாயியையும் சேத்துக்கலாமுங்களா?"

"இது பல்துறைப் பிரமுகர்களுக்கானதல்லவா?" என்றேன்.

"அதனாலதான் கேக்குறேன் சார். கண்ணாடித் துரை, மீசத் துரை, நாய் வளத்த துரைன்னு அவ ஏழு துரைக்குக் கீழ கொழுந்து எடுத்திருக்கா. நீங்க சொன்ன ஆளுங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துரைதானே சார்?"

நான் சிரித்துவிட்டேன். புன்னகை இல்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று களத்தில் மாரியாயியின் பெயர் வரவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவர் உள்ளங்கையில் ஒரு கற்பூரம் மிஞ்சியிருந்தது. அதை மடியில் முடிந்துகொண்டு லயத்துக்கு நடந்தார்.

அதன் பிறகும் வருடந்தோறும் வந்தார். ஆனால் பல்துரை என்ற சொல்லை என் முன்னால் அவர் பிறகு உச்சரிக்கவில்லை. "செத்தவங்கள சொல்லுங்க சார்" என்பதோடு சரி. நான் படித்த இலக்கணமெல்லாம் சேர்ந்து ஒரு மனிதரின் ஒரு சொல்லைப் பிடுங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்க எனக்கு நிறைய டிசம்பர்கள் இருந்தன. நான் கேட்கவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அவரே போய்விட்டார். அந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டு லயம் லயமாக ஓடுவதற்கு யாரும் இருக்கவில்லை. எனக்கே மறுநாள்தான் தெரியும்.

டிசம்பர் கடைசி நாள், அழைக்காமலே ஆட்கள் பிரட்டுக்களத்துக்கு வந்து நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒப்பாரி வராது. பெயர்களை மட்டும் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினேன். ஒரு நடிகர், ஒரு வைத்தியர், ஓர் ஓட்டக்காரி.

பிறகு, "மாரியாயி" என்றேன்.

ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது: "எந்தத் துரை?"

"ஏழு துரை."

பின்னாலிருந்து யாரோ விம்முவது கேட்டது. நான் கடைசிக் கற்பூரத்தை வைத்தேன். காற்றில் மூன்று குச்சி அணைந்து, நாலாவதுதான் பற்றியது.

"கேத ரேடியோ."

"எந்தத் துரை சார்?" கூட்டம் முழுவதும் கேட்டது.

"கேதத் துரை" என்றேன். இடையின ரகரம்தான். தெரிந்தேதான் சொன்னேன்.