முற்றிலும் உடன்படுபவர்

மழைக்காலத்தில் அட்டை எப்படியோ, உதவித் திட்டங்கள் வரும் காலத்தில் 'முற்றிலும் உடன்படுபவர்' என்று ஓர் இனம் தலைகாட்டும். கைத்தறிச் சட்டை, கருத்தரங்கில் கொடுத்த தோள்பை, வாயைத் திறந்தால் அடிமட்ட மக்கள். சமூக சேவையாளர் என்றால் சும்மாவா?

ருவான்வெல்லைக் கடைத்தெருவில் சமூக சேவை அலுவலகம், அதாவது கந்தோர், வைத்திருந்த இந்திரகுமார் அந்த இனத்தின் அசல் மாதிரி. இறப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். துரையின் கந்தோர் ஜன்னலுக்குக் கீழே அப்பா தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து வெந்துபோனவர். அந்த ஜன்னலை உடைக்கத்தான் இந்த வேலைக்கு வந்ததாக எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். சொல்லும்போது நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் கந்தோர் திறந்ததும், பாருங்கள், தோட்டத்துச் சனம் பழக்க தோஷத்தில் வாசலேறாமல் ஜன்னலடியில் போய் நின்றது. இவரும் மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வசதிதானே?

2004இல் ஒருநாள் அங்கே மூக்காயி வந்து நின்றாள். மகள் கலைச்செல்வி பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிசகு. பொறுப்பான ஒருவர் கேகாலைக் கந்தோருக்கு வந்து சாட்சி சொன்னால் சரியாகிவிடும். அன்றுதான் அதற்குக் கடைசி நாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் இவரேதான்.

உள்ளே கொழும்பிலிருந்து வந்த இஸ்ரா உட்கார்ந்திருந்தாள். சமூக சேவையாளர்களின் மனித உரிமை நோக்கை அளக்க வந்த ஆராய்ச்சிக்காரி. நோக்கை அளக்க முழக்கோல் உண்டா? உண்டே. ஒவ்வொரு வாசகத்துக்கும் எதிரே, முற்றிலும் உடன்படுவதிலிருந்து முற்றிலும் மறுப்பது வரை கட்டங்கள். ‘எளியவரைக் காக்க வைப்பது அவர் கண்ணியத்தைக் குறைக்கும்.’ இந்திரகுமார் முற்றிலும் உடன்பட்டார். ‘குறை சொல்ல வருபவருக்குச் சமமான இருக்கை தர வேண்டும்.’ இதற்குப் பேனாவை அழுத்தியே உடன்பட்டார்.

“சேர், பஸ்ஸு போயிருமுங்க,” என்றாள் மூக்காயி.

“கொஞ்சம் பொறுங்கக்கா, உரிமை விஷயமாப் பேசிக்கிட்டிருக்கோம்.”

மழை பிடித்தது. சாரல் தெறித்துக் கட்டங்களில் மை கரைய ஆரம்பித்ததும், எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மிச்சத்துக்கும் உடன்பட்டார். இஸ்ரா கூட்டிப் பார்த்து, மாவட்டத்திலேயே இவருக்குத்தான் அதிகப் புள்ளி என்றாள். பூரித்துப்போய் ஜன்னலைத் திறந்தால், மூக்காயி தொப்பலாக அங்கேயே நிற்கிறாள். மனுஷனுக்குத் தன் வாக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

கேகாலையில் கந்தோர்க் கதவு பூட்டியாயிற்று. ஒரேயொரு ஜன்னல் பாதி திறந்திருந்தது. கொட்டும் மழையில் இருவரும் அதன் கீழே நின்றார்கள். உள்ளேயிருந்த கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே, “ஹெட்ட என்ன,” என்று சிங்களத்தில் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

இந்திரகுமாருக்கு ரத்தம் கொதித்தது. இது மனித உரிமை மீறல் என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார். பிள்ளையின் பரீட்சை ஒரு வருஷம் தள்ளிப்போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது. மூக்காயிதான் அவரைத் தேற்றினாள்.

“கோவப்படாதீங்க சேர். உள்ள அவங்களும் உரிமை விஷயமாப் பேசிக்கிட்டிருப்பாங்க.”

அவள் முகத்தில் கேலியே இல்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

காக்க வைத்தது தப்பு என்கிறீர்களா, வாசகரே? முற்றிலும் உடன்படுகிறீர்களா? அப்படியென்றால், எதற்கும் ஒருதரம் எழுந்துபோய் உங்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.