ஐம்பது தலை ஊர்வலம்

புன்னகைபுர ராஜ்யத்தில் எந்தப் பிள்ளைக்கும் எந்தக் குறையும் இல்லை. ராஜாவே அறிவித்துவிட்டார்.

அறிவிப்புக்குக் கட்டுப்படாத பிள்ளைகளைக் கவனிக்க, பதினாறு பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே சமூகப் பணியாளர் இருந்தாள். பெயர் தில்லைக்கரசி. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீடு தேடிப் போய் விசாரிப்பது அவள் வேலை.

எட்டாம் வகுப்பு மணிமாலை ஆறு நாளாக வரவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்குக் கல்யாணம் என்றாள் பக்கத்தில் உட்காரும் தோழி. மணிமாலைக்கு வயது பதின்மூன்று. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கச் சட்டம் இருந்தது. ஆனால் ராஜ்யத்தில் அப்படிப்பட்ட கல்யாணமே நடப்பதில்லை என்று ராஜா சொல்லியிருந்ததால், அதைப் பயன்படுத்த வழியில்லை.

திங்களன்று தில்லைக்கரசி கிளம்பினாள். ஆணை வந்தது: வீட்டுக்குப் போகுமுன் நான்கு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினாள். புதனன்று அடுத்த ஆணை: படிவம் நிரப்பும் பயிற்சி பெறாதவர்கள் நிரப்பியது செல்லாது. பயிற்சிக்குப் போனாள். வியாழனன்று இன்னொன்று: ராஜாவின் கருணை ஊருக்குத் தெரியாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. மேளம், பேனர், சீருடையில் சரியாக ஐம்பது பிள்ளைகள், முடிவில் புகைப்படம். ஒரு தலை குறைந்தாலும் நல அதிகாரிக்குச் சிறை.

வெள்ளி காலை ஊர்வலம் கல்யாண வீட்டு வாசலை அடைந்தது. நல அதிகாரி பெருந்தகையப்பர் எண்ணினார். நாற்பத்தொன்பது. ஒரு பையன் வழியில் தன் வீட்டைக் கண்டதும் உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

"ஐயோ, என் பொழைப்பே போச்சே!"

"சார், மணவறையில ஒரு பிள்ளை சும்மாதான் உக்காந்திருக்கு," என்றாள் தில்லைக்கரசி.

"சீருடை?"

"கொடியில காயுது சார்!" என்று உள்ளிருந்தே கத்தினாள் மணிமாலை. மேளக்காரர் மூச்சு வாங்குவதற்குள் பட்டுப்புடவை போய் சீருடை வந்து நின்றது.

"யோவ், முகூர்த்தம் தாண்டுதுய்யா!" என்று குதித்தார் பெண்ணின் அப்பா சடையாண்டி.

"அரசாங்க வேலையில குறுக்க வராதீங்க. படம் எடுத்ததும் உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க," என்றார் பெருந்தகையப்பர்.

தில்லைக்கரசி குரலைத் தாழ்த்தினாள். "சார், படத்துல இருக்கிற முகத்தை ராஜா தினமும் வந்து சரிபார்த்தா?"

"பார்ப்பாரா?"

"பார்க்க மாட்டார்னு நீங்க எழுதித் தர்றீங்களா?"

பெருந்தகையப்பர் அவசரமாகப் படம் எடுக்கச் சொன்னார். அங்கேயே எழுதி முத்திரை குத்தினார்: இப்படத்திலுள்ள ஐம்பது பேரும் பதினெட்டு வயது முடியும்வரை பள்ளியையும் ஊர்வலத்தையும் விட்டு நகரக் கூடாது. மீறினால் தகப்பனுக்குச் சிறை.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஊர்வலத் திட்டம் மாபெரும் வெற்றி என்று ராஜா தனக்குத்தானே பதக்கம் அணிவித்துக்கொண்டார். தில்லைக்கரசியின் பதவி இனித் தேவையா என்று ஆராயக் குழுவும் போட்டார்.

குழு கூடுவதற்குள் அடுத்த முகூர்த்த நாள் வந்தது. அன்று ஊரில் மூன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம். தில்லைக்கரசி நாற்பத்தேழு பிள்ளைகளோடு கிளம்பினாள்.