வலைக்குள் இருந்த மாப்பிள்ளை

அரைகுறையாகப் படித்தவன் ஒருவன் வீட்டில் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு வெளியில் எதிரி தேவையில்லை. கரம்பொன்னில் எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். அப்பாவும் அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர்கள். உயர்தரம் பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். (ஊரில் இதைக் கேள்விப்படாத நாய் பூனை கிடையாது.) போதாததற்கு, சுகாதாரத் தொண்டர் பயிற்சிக்குப் போய் ஒரு சான்றிதழும் ஒரு நுளம்பு வலையும் வாங்கி வந்திருந்தேன்.

மலேரியா நாட்டைவிட்டுப் போய்விட்டது, இனி வந்தால் வெளிநாட்டிலிருந்து திரும்புபவரோடுதான் வரும், அப்படி ஒருவருக்கு அந்தக் காய்ச்சல் கண்டால் வலைக்குள் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரைக் கடித்த நுளம்பு அடுத்தவரையும் கடித்து ஊருக்கே பரப்பிவிடும் என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த நுளம்பு பொழுதுபட்ட பிறகுதான் கடிக்கும் என்றும் சொன்னார்களாம். அந்த நேரம் நான் சான்றிதழில் என் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை இருந்தது. நோயாளிதான் இல்லை.

அப்போதுதான் அக்காவைப் பெண் பார்க்க எழுவைதீவிலிருந்து அன்ரன் தாயோடு வந்தார். ஆபிரிக்காவில் ஒரு துறைமுகத்தில் வேலை செய்து திரும்பியவர். வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழித்த அக்கா, இவருடைய படத்தைப் பார்த்துத்தான் முதல்தடவையாக ஓம் என்றிருந்தாள். சோழகக் காற்றில் படகுக்குள் அலை அடித்து, மனிதர் தலையோடு நனைந்து வந்து எங்கள் ஹோலில் கதிரையில் இருந்து வெடவெடவென்று நடுங்கினார்.

“குளிருதோ அண்ணை?”

“ஓம் தம்பி, கொஞ்சம்.”

எனக்கு அது போதும். பட்டப்பகலில், அவர் இருந்த கதிரைக்கு மேலேயே வலையைக் கட்டத் தொடங்கினேன். ஒரு மூலை யன்னல் கம்பியில், ஒன்று அலுமாரிப் பிடியில், ஒன்று அந்தோனியார் படம் தொங்கிய ஆணியில். நாலாவதுக்கு இடமில்லை. நற்கருணைப் பவனியில் மேற்கட்டி பிடிப்பவன் மாதிரி நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய் எழுந்துவிட்டார். “என்ர பிள்ளை என்ன கருவாடோ, இலையான் மொய்க்காமல் மூடி வைக்க? நாட்டுக்கு வந்த உடனேயே ரத்தம் சோதிச்சு, ஒண்டுமில்லையெண்டு சொன்னவை. எழும்படா, போவம்.”

“டேய், அவிழடா அதை” என்றார் அப்பா.

“உங்களுக்கு இது விளங்காதப்பா. இது நாட்டுப் பிரச்சினை.” (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

தேநீரோடு வந்த அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கையில் தட்டு இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மாமியார் ஆக வேண்டியவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா வலையின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர் பெண்ணோடு தனியாக ஒரு சொல் கதைப்பது லேசில்லை. நான் அதற்கு அறையே கட்டிக் கொடுத்திருந்தேன். மூலையை விடவும் ஏலாமல், காதைப் பொத்தவும் ஏலாமல் நின்றதால் முழுவதும் கேட்டது.

“இவர் எப்பவும் இப்பிடியோ?”

“இல்லை. படிச்ச பிறகுதான்.”

இருவரும் சிரித்தார்கள். “அம்மா, செருப்பைக் கழட்டுங்கோ” என்றார் அவர் உள்ளேயிருந்து.

இப்போது அன்ரன் எனக்கு அத்தான். இந்த வருடம் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். போகிற வீடெல்லாம் அக்காவோடு அத்தானின் தாயும் கூடவே வருகிறார். உட்கார்ந்ததும் பையிலிருந்து அதே வலையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். “முதல் இதைக் கட்ட ஒரு இடம் காட்டுங்கோ. எங்கட பெடியன் உள்ளுக்கிருந்துதான் பொம்பிளை பாப்பார்.”

பெண் வீட்டார் விழிப்பார்கள். ஏன் என்று யாராவது கேட்டதும் அக்கா தேநீரைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொல்லுவாள்:

“பயப்பிடாதேங்கோ. தம்பி கொஞ்சம் படிச்சவர்.”