முற்பிறவிக்கு அச்சில் ஆதாரம்

நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று தெரிய வேண்டுமா? என் கடைக்கு மேலே மாடி ஏறுங்கள். செருப்பைக் கீழே விடச் சொல்வார்கள். மூளையை விடச் சொல்லமாட்டார்கள். அதை வருகிறவர்களே விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

மாடியில் முன்பு மெத்தைக் கடை இருந்தது. இப்போது பிறவி ஐயா இருக்கிறார். பெயரைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தால், போன பிறவியில் நீங்கள் யார், எந்தத் தெருவில் இருந்தீர்கள், எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதைக் கண்ணை மூடியபடி சொல்வார். இதை எவனும் சொல்லலாமே என்பீர்கள். பொறுங்கள். ஐயா ஆதாரமும் கொடுப்பார்!

ஆவணக் காப்பகம் நூறு வருஷத்துப் பழைய செய்தித்தாள்களைப் படம் பிடித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஐயா ஒரு தேதி சொல்வார். போனில் தேடினால் அச்சு அசலாக உங்கள் சாவு அங்கே கிடக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். இத்தனைக்கும் ஐயாவுக்கு எழுதப் படிக்கவே தெரியாதாம். அவரே சொன்னார். அதற்கு மட்டும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

கீழே என்னுடையது ஜெராக்ஸ் கடை. அவரவர் சாவை அவரவர் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் போட்டு, மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார்கள். வியாபாரம் அமோகம். நான் ஏன் என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும்? ஒன்றுதான் உறுத்தியது. இத்தனை பேரில் ஒருவராவது வயிற்றுப்போக்கில் செத்திருக்கக் கூடாதா? எல்லாரும் தீ விபத்து, படகு கவிழ்ந்தது, ரயில் மோதியது. வயதாகிக் கட்டிலில் கிடந்து செத்தவர்களுக்கு மறுபிறவியே கிடையாது போலிருக்கிறது.

"பேப்பர்ல வர்ற சாவுதானேண்ணே அவனுக்குக் கிடைக்கும்?" என்றார் வரலாறு டீச்சர். வகுப்புக்குப் பிரதி எடுக்க என்னிடம்தான் வருவார். "பத்து வருஷமா பிள்ளைங்களை அந்தத் தளத்துக்குப் போங்க, பழைய பேப்பரைப் படிங்கன்னு கெஞ்சறேன். ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல. இந்த ஆள் ஒரு தடவ சொன்னான், ஊரே போகுது."

"உங்க பாடத்துல அவங்க சாகறதில்லையே, டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. அவருடைய அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். தொண்டையில் எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி. அறுத்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று மருத்துவர் தேதியும் குறித்துவிட்டார். அக்கா மருத்துவமனைக்குப் போகும் வழியில் மாடி ஏறிவிட்டார். ஐயா கண்ணை மூடினார். போன பிறவியில் தொண்டை கிழிந்து செத்தவள் நீ, மறுபடி அங்கே கத்தி பட்டால் உயிர் போகும், என்னிடம் தொடர்ந்து வா, கட்டி தானே கரையும் என்றார். அக்கா ஆபரேஷனை ரத்து செய்துவிட்டார்.

மறுநாள் அக்கா தன் சாவைப் பிரிண்ட் எடுக்க வந்தார். தங்கை பின்னாலேயே வந்தார்.

"இதப் பாருடி. லாந்தர் விளக்குக் கடைக்காரர் பொண்டாட்டி. ஏணியிலேருந்து விழுந்து கண்ணாடி தொண்டையில ஏறிடுச்சு. மீதி அடுத்த பக்கத்துல. மேயர் வீட்டுல ரெண்டு நாளா யாரும் சாப்பிடல. கண்காட்சியில மூணு வருஷம் முதல் பரிசு. மேயர் தோட்டத்திலேயே அடக்கம். ஐயா சொன்னது ஒரு வார்த்தை பிசகல."

"படிச்சிட்டுத்தானேக்கா சொல்றான்!"

"எழுத்து தெரியாத மனுஷன் எதைடி படிப்பாரு? உனக்கு உலகத்துல எல்லாரும் திருடன்."

"அக்கா, அந்தக் கட்டிய..."

"மாட்டேன். கால்ல விழுந்தாலும் மாட்டேன். கத்தி பட்டா நான் செத்துடுவேன்டி." சொல்லும்போது கை தானாகத் தொண்டைக்குப் போனது. நடிப்பில்லை, நிஜமான பயம். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அக்கா போனதும் டீச்சர் அதே இரண்டு பக்கங்களையும் இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "பிள்ளைங்களுக்கு நான் சொல்ற முதல் பாடம் இதான்ணே. சேதியப் படிக்காத, முதல்ல உச்சியில தேதியப் பாரு." பார்த்தார். நானும் பார்த்தேன். நாலாம் பக்கம் ஒரு வாரத்துத் தாள். ஐந்தாம் பக்கம் அடுத்த வாரத்துத் தாள்! படம் பிடித்த புண்ணியவான் கொட்டாவி விட்ட நேரத்தில் பக்கத்தை மாற்றி வைத்துவிட்டார். டீச்சர் லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்கே நேரில் போனார். அசல் தாள்களை வாங்கிப் பார்த்து, படம் எடுத்து வந்தார். பிரிண்ட் எடுத்துப் படித்த நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க இடமில்லை. அக்கா முன்வரிசையில். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். டீச்சர் எழுந்து கைகூப்பினார்.

"ஐயா, எங்கக்காவோட போன பிறவிய இன்னொரு தடவ பார்த்துச் சொல்லணும். அந்த மேயர் வீட்டு விஷயம்."

ஐயா கண்ணை மூடினார். "தெரியுதும்மா. மேயருக்கு இவமேல அவ்வளவு பாசம். இவ செத்தப்ப வாய்விட்டு அழறாரு. தன் தோட்டத்திலேயே குழி வெட்டச் சொல்றாரு."

"சந்தேகமே இல்லையே, ஐயா?"

"என் கண்ணால பார்க்கறேன்மா! தினம் தன் கையாலயே அவர் இவளுக்கு ஊட்டி விட்டிருக்காரு."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் ஒரு தாளை நீட்டினார். "உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, சும்மா தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க."

ஐயா வாங்கினார். கண் தாளில் ஓடியது. மூன்றாவது வரியில் முகம் வெளுத்தது.

"இது... இது வேற யாரோட சேதியோ!"

"எப்படி ஐயா தெரிஞ்சுது?"

ஐயா அவசரமாகத் தாளைக் கவிழ்த்தார். டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி உரக்கப் படித்தார். "மேயரின் செல்லப் பசு முந்தாநாள் காலை வயிறு உப்பி இறந்தது. தொடர்ச்சி ஐந்தாம் பக்கம். இதாங்க அந்த ஐந்தாம் பக்கத்தோட முன்பாதி. முதல் பரிசு வாங்கினது பசு. தோட்டத்துல புதைச்சதும் பசு. மேயர் ஊட்டினது புல்லும் புண்ணாக்கும்."

ஒருத்தர் சிரித்தார். பின்வரிசைப் பக்தர் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை. "ஏம்மா, ஞானக்கண்ணு ஒரு தடவ மங்கக் கூடாதா?"

"தாராளமா மங்கட்டும், பெரியவரே. பக்கத்த மாத்தி வெச்சது படம் பிடிச்ச ஆளு. சரியா அதே பக்கத்துல ஞானக்கண்ணு எப்படி மங்கும்? ஸ்கேன் பண்றவன் தப்பு பண்ணா எங்கக்காவோட முற்பிறவியே மாறிடுமா?"

பெரியவர் தன் லேமினேட் தாளை எடுத்து உச்சியில் தேதியைத் தேட ஆரம்பித்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். ஐயா தியானத்துக்கு நேரமாகிவிட்டதென்று பின்பக்கப் படிக்கட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவு வேகமான தியானத்தை நான் பார்த்ததில்லை.

அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். "அப்ப அந்த லாந்தர் கடைக்காரர் பொண்டாட்டி என்ன ஆனா?"

டீச்சர் இன்னொரு தாளைக் கையில் கொடுத்தார். உண்மையான தொடர்ச்சி. அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "மருத்துவர் உடனே தொண்டையைக் கத்தியால் திறந்து கண்ணாடித் துண்டை எடுத்துத் தைத்தார். அம்மாது பிழைத்து, நேற்று நடந்தே வீடு சேர்ந்தாள்." திரும்ப ஒரு முறை படித்தார். பிறகு தங்கையின் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார்.

"அக்கா, அவ நீ இல்லக்கா. அவ யாரோ."

"தெரியுதுடி. எனக்கு என்ன, அவ்வளவுமா புத்தி கெட்டுப் போச்சு? அவ பொழச்சுட்டா இல்ல, அது போதும். நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

கூட்டிப் போனார். கட்டியை எடுத்தாகிவிட்டது. தொண்டையில் ஒரு மெல்லிய தழும்போடு அக்கா பழையபடி தையல் இயந்திரத்தை மிதிக்கிறார். தங்கையைத் திட்டுகிற குரலும் முழுதாகத் திரும்பிவிட்டது.

பிறவி ஐயாவைப் பற்றிக் கேட்கிறீர்களா? பக்கத்து ஊரில் இருக்கிறாராம். அங்கேயும் மாடியாம், கூட்டம் தெரு வரைக்கும் நிற்கிறதாம். போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சந்தையில் பசு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள், மடியைத் தட்டிப் பார்க்கிறீர்கள், நாலு பேரைக் கேட்கிறீர்கள். உயிரைக் கொண்டுபோய் ஒருவன் கையில் கொடுக்கும்போது மட்டும், அவன் கண்ணை மூடினால் நீங்களும் ஏனய்யா மூடிக்கொள்கிறீர்கள்?