நின்ற இடத்திலேயே வெடித்த ரேடியேட்டர்

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
அக்டோபர் 8

மகா கறாரான என் அண்ணா அனந்தகிருஷ்ணன் அவர்களுக்குத் தங்கை ஜெயலக்ஷ்மி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், இவர், மாடித் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடி எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் மன்னியும் சௌக்கியம் என்பது காலை ஆறு மணிக்கே தாங்கள் அனுப்பும் கேள்விகளிலிருந்து தெரிகிறது. தங்கள் வண்டியும் இப்போது சௌக்கியம். எப்போது சௌக்கியமாக இல்லை, ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முப்பத்தாறு வருஷம் தணிக்கை அதிகாரியாக இருந்தவர் வாட்ஸ்அப்பில் சொன்னால் ஏற்க மாட்டேன், கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று சொல்லிவிட்டீர்கள். அனுப்புகிறேன்.

முதலில் அந்தத் தரகர் விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவை விட்டு மெட்ராஸோடு போனபோது, "ரெண்டு மாசத்துல வந்து எடுத்துண்டு போறேன்" என்று வண்டியை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனவர் தாங்கள். இப்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பதினைந்தாம் தேதிக்குள் விற்றுவிடுவது என்று தீர்மானித்து, போன மாதம் ஒரு தரகரை அனுப்பினீர்கள். அவர் வந்த நேரம் வாசலில் வண்டி இல்லை. எதிர்வீட்டு மாஷிமா, கேட்காமலே உதவி செய்கிறவர், அவரை நேரே மெக்கானிக் நிதாய்-தாவின் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டார். அங்கே நம் வண்டி முன்பக்க பம்பர் இல்லாமல், பல்செட்டைக் கழற்றிவைத்த மாமா மாதிரி நின்றுகொண்டிருந்தது. பழைய ரேடியேட்டர் தரையில் கிடந்தது. அதை அவர் போட்டோ எடுத்துத் தங்களுக்கு அனுப்ப, தாங்கள் அதை எனக்கு அனுப்பி, கீழே "நிற்கும் வண்டிக்கு ரேடியேட்டர் எப்படி வெடிக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

விளக்கம் இதுதான். வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. தங்கள் உத்தரவுப்படி ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டேன். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. முன்சக்கரத்துக்கு எதிரே கோலம் போட்டு, வண்டி நகரவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அந்தக் கோலமும் நானும் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பினேன். வண்டிக்குப் பதினாலு வயசாகிறது. ரேடியேட்டரின் மேல்பாகம் வெறும் பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று அதுவாகவே விரிசல் விட்டுவிட்டது. இத்தோடு கையெழுத்துப் போட்டு முடித்திருப்பேன், கோலத்தைத் தாங்கள் பெரிதாக்கிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

பதினொரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு புடைவை, ஆனால் ஒரே கோலம், அதிலும் இடது ஓரத்தில் ஒரே புள்ளி விட்டுப்போயிருக்கிறது, பக்கத்து வீட்டு வாசலில் ஒரே பால் பாக்கெட் என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, ஒரே காலையில் பதினொரு புடைவை மாற்றுவது எவ்வளவு சிரமம் என்று யோசித்தீர்களா? இவர் போட்டோ எடுத்துக்கொண்டே, "ஜெயா, கோலத்தையும் மாத்திடேன், உங்கண்ணா விடமாட்டார்" என்று சொன்னார். ஏழாவது புடைவையில் எனக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. குனிய முடியவில்லை. மாட்டிக்கொண்டேன்.

ஆமாம், வண்டியை எடுத்தேன். ஒரே ஒரு தடவை. சரி, அந்த லேக் மார்க்கெட் வரைக்கும் போவதையெல்லாம் ஒரு தடவை என்று யாராவது கணக்கில் சேர்ப்பார்களா? ஜாதவ்பூரில் பஜனை வகுப்புக்குப் போவதையும் விட்டுவிடலாம். பின்பக்கம் டிக்கியில் கடல் மணல் இருந்தது என்று தரகர் சொன்னாராமே, அது வீட்டு வேலைக்கு வாங்கிய மணல்தான், அதில் கிளிஞ்சல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு தங்கையை நோண்டி நோண்டிக் கேட்கிற உனக்கு வேறு வேலையே இல்லையா? (கோபம் வந்தால் எனக்குத் "தாங்கள்" வராது. மன்னித்துக்கொள்.)

நடந்தது இதுதான். ஆவணி வெள்ளிக்கிழமை, பஜனை கோஷ்டி மாமிகள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு தக்ஷிணேஸ்வரம் போனேன். தரிசனம் பிரமாதம். ரங்கநாயகி மாமி ஐந்து லிட்டர் கேனில் கங்கை பிடித்துக்கொண்டார். திரும்பும்போது டன்லப் முக்கில் ஒரு ஜாம், முக்கால் மணி நேரம் நகரவில்லை, உள்ளே ஏ.சி., வெளியே கொளுத்துகிற வெயில், மாமிகள் நாலு பேரும் உச்ச ஸ்தாயியில் நாமாவளி, அந்தச் சத்தத்தில் நான் சூடு காட்டுகிற முள்ளைப் பார்க்கவில்லை. பார்த்தபோது அது சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பானட்டிலிருந்து ஆவி. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வெள்ளைச் சட்டைப் போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, "காடி ஷொரான், காடி ஷொரான்" என்று வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார். நகர்கிற வண்டியாக இருந்தால் நான் ஏன் நிற்கப்போகிறேன்? அரைமணி ஆறவிட்டு, துண்டைச் சுற்றி மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சொட்டு இல்லை. எங்களிடம் இருந்த தண்ணீர் கங்கை மட்டும்தான்.

அதற்கு ரங்கநாயகி மாமி சம்மதிக்கவில்லை. "ராமேஸ்வரத்துக்கு எடுத்துண்டு போறதுக்கு வெச்சிருக்கேன்டீ! இதைப் போய் டீசல் வண்டிக்கு விடறதா?" என்று கேனைக் கட்டிக்கொண்டார். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தால்தானே ராமேஸ்வரம் என்று எடுத்துச் சொல்லி, மந்திரம் சொல்லிக்கொண்டே விட்டோம். இன்ஜின் உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. "டப்" என்று ஒரு சத்தம். அது வரைக்கும் நகக்கீறலாக இருந்த விரிசல் விரல் நீளத்துக்கு வாயைத் திறந்துகொண்டது. விட்ட கங்கை ரோடில் ஓடியது. மாமிகள் அதையும் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, மஞ்சள்பொடியைப் போட்டால் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று ஹிந்தியில் சொன்னார். லேக் மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள்பொடி அரைக் கிலோ மாமியின் பையிலேயே இருந்தது. டாக்ஸிக்காரர் ஒரு ஸ்பூன் என்று சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அரைக் கிலோவும் போட்டோம்.

கட்டி இழுத்துக்கொண்டு நிதாய்-தாவிடம் வந்து சேர்ந்தோம். அவர் டீ குடித்து முடித்து, நிதானமாக ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். மஞ்சளாக, கெட்டியாக, கங்கை வண்டலோடு கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். "தீதி, ரேடியேட்டர்லே நீங்க கிச்சுடி பண்ணீங்களா?" என்று, எங்கள் வீட்டுச் சகவாசத்தில் கற்ற தமிழில் கேட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ரப்பர் ஹோஸ் இரண்டும் வெடிப்பு விட்டிருந்தன. தெர்மோஸ்டாட் திறக்க மறந்து எத்தனையோ நாளாகிறது. ஃபேன் ஏனோதானோ என்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் புதுசின் வேகம் பழைய ஹோஸைக் கிழித்துவிடும், ஹோஸை மாற்றினால் வாட்டர் பம்ப் முறைத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றார். கூட்டுக் குடும்பத்தில் ஒருத்திக்குப் புடைவை எடுத்தால் படுகிற பாடு எனக்குத் தெரியாதா? சரி என்றேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற மல்லிக் பஜாரிலிருந்து வந்த ரேடியேட்டர் உட்காரவில்லை. அது இரண்டு வருஷம் பிந்தைய மாடலுக்காம், போல்ட் ஓட்டை அரை விரல் தள்ளி இருந்தது. சரியானது வருவதற்குள் விஸ்வகர்மா பூஜை வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்பானரைக்கூடத் தொட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வாயைத் திறந்தபடி நின்ற நம் வண்டிக்கு முன்னாலேயே விக்கிரகத்தை வைத்தார்கள். பழைய ரேடியேட்டருக்கும் சந்தனம், செம்பருத்தி. நான் சுண்டல் பண்ணிக்கொண்டு போனேன். தரகர் வந்தது அதற்கு மறுநாள். செம்பருத்தி வைத்த ரேடியேட்டரைத்தான் அவர் போட்டோ எடுத்திருக்கிறார். நீ அதை ரத்தம் என்று நினைத்து, "யாருக்காவது அடியா?" என்று கேட்டாய். அதற்காக உனக்கு நன்றி. வண்டிக்கு அப்புறம் கேட்டாய் என்றாலும்.

அண்ணா, இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயசு. நீ புதிதாக லைசென்ஸ் வாங்கி ஆபீஸ் ஜீப்பைக் கொண்டுவந்தாய். நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "முதல்ல கதவை மெதுவாச் சாத்தக் கத்துக்கோ" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நாற்பது வருஷம் நான் பின்சீட்டில் உட்கார்ந்து கதவை மெதுவாகச் சாத்தினேன். பாங்கிலிருந்து ரிடையரான மறு மாதம், உன் வண்டி வாசலில் நிற்கிற தைரியத்தில், யாருக்கும் சொல்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதல் தடவை தனியாக டாகுரியா பாலத்தில் ஏறி இறங்கினபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவருக்கு ஓட்டத் தெரியாது. இந்த வயசில் எனக்கு இன்னொரு வண்டி யாரும் வாங்கித் தரப்போவதில்லை. இந்த வண்டி போனால் நான் மறுபடி பின்சீட்டுதான். அதனால்தான் கேட்கிறேன், விற்காதே.

விற்கவும் முடியாது. ரேடியேட்டர் புதுசானால் வண்டி புதுசாகிவிடுமா? உண்மையைச் சொன்னால் இது சந்து முனையைத் தாண்டாது. நீயே வந்து மெட்ராஸுக்கு ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கனவிலும் நினைக்காதே, கரக்பூர்கூடப் போய்ச் சேராது. நானும் புத்தி வந்துவிட்டவள். இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று பகவான் சாட்சியாகச் சொல்கிறேன். வண்டி பாட்டுக்கு வாசலில் நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் புதுக் கோலம் போட்டு, எல்லாப் புள்ளியும் வைத்து, போட்டோ அனுப்புகிறேன். தரகரை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

மன்னிக்கு என் நமஸ்காரம். உன் சர்க்கரையும் கோபமும் அளவோடு இருக்க தக்ஷிணேஸ்வரத்துக் காளி கிருபை செய்யட்டும். பெரியவனாக இருந்து எங்களை ஆசீர்வாதம் பண்ணு.

இப்படிக்கு,
என்றும் உன் சொல்லைத் தட்டாத தங்கை,
ஜெயலக்ஷ்மி

பி.கு.: இதை ஸ்பீட் போஸ்டில் போடப் போனேன். கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தது. நேரிலேயே கொடுத்துவிடலாமே என்று தோன்றியது. இந்தப் பின்குறிப்பை ஓங்கோல் தாண்டி ஒரு டீக்கடை வாசலில், பானட்டின் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். மூன்று நாளாக ஓட்டுகிறேன், முள் பாதியைத் தாண்டவில்லை. இவர் பக்கத்து சீட்டில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கிறார். பின்சீட்டில் ரங்கநாயகி மாமி, மடியில் புதுக் கேன் கங்கை, ராமேஸ்வரம் போகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பு. நாளைக் காலை பத்து மணிக்கு உன் வாசலில் இருப்போம். மீட்டரைப் பார்த்து மயக்கம் போடாதே. வண்டியை என் பேருக்கு மாற்றுகிற படிவம் கொண்டுவருகிறேன், பேனாவை எடுத்துவை. கையெழுத்துப் போட்ட கையோடு உன்னைக் கடற்கரை வரைக்கும் ஒரு சுற்று அழைத்துக்கொண்டு போகிறேன். நீ பின்னால் மாமி பக்கத்தில் உட்கார்ந்துகொள். கதவை மட்டும் மெதுவாகச் சாத்து.