இருபதாவது பேரணி

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவதும், மட்டம் போட்டுத் திரிந்து குற்றவாளியாவதும் மனிதகுலம் முழுவதையும் பீடித்த நோய்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கண்டுபிடித்த பெருமை, தச்சநல்லூரில் நாங்கள் பதினோரு பேர் கூடி அமைத்த 'மாணவர் நல்வழிக் குழு'வையே சாரும். மருந்தின் பெயர் பேரணி.

வாரம் ஒரு பேரணி. பள்ளி நேரத்தில்தான் நடத்துவோம். அப்போதுதானே பிள்ளைகள் மட்டம் போடுகிறார்கள்! பேரணியில் எடுக்கும் வருகையே பள்ளி வருகை என்றும் தீர்மானம் போட்டோம். பத்தாம் வகுப்பில் அறுபத்து மூன்று பேர். அதில் அறுபத்திரண்டு பேருக்கு நூறு சதவீதம். ஆற்றில் குளித்துக் கிடந்த பயல்கள்கூட முதல் வரிசையில் நின்று கோஷம் போட்டார்கள்.

மிச்சம் ஒருத்தி, பிரியதர்ஷினி. பத்தொன்பது பேரணியில் ஒன்றுக்கும் வரவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி அவளுடைய ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்து, விசாரணைக்கு அழைத்தோம். தலைவர் இரும்புக்கடை சிவசைலம் அண்ணாச்சி, செயலாளர் அடியேன்.

"ஏ பிள்ள, பள்ளிக்கூட நேரத்துல எங்கன திரிஞ்ச?" என்றார் அண்ணாச்சி.

"எங்கயும் திரியல அண்ணாச்சி. வகுப்புலதான் இருந்தேன்."

சபை அதிர்ந்தது.

"தனியாவா?"

"கெசியா டீச்சரும் இருந்தாங்க. கணக்கு நடத்துனாங்க."

"கூட்டாளி வேறயா!" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "எழுதும்வே, கூட்டுச் சதி."

பிள்ளைக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. "பரீட்சை எழுத விடுங்க அண்ணாச்சி. அம்மா கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போய்த்தான் படிக்க வைக்கா. பத்து பாஸாகலன்னா என்னையும் வேலைக்கு விட்டுருவா."

விசாரணைக்குத் துணையாக வந்திருந்த கெசியா டீச்சர் எழுந்தார்.

"அண்ணாச்சி, எல்லாரும் பேரணிக்குப் போயிட்டா பள்ளிக்கூடத்துக்கு யாரு காவலு? எவனாவது உள்ள புகுந்து கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிட்டான்னா? அதுக்குத்தான் இவள உக்கார வச்சேன். சும்மா உக்காருவானேன்னு ரெண்டு கணக்கும் போட்டோம்."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "குற்றத் தடுப்பு! இது நமக்குத் தோணாமப் போச்சேவே!"

'பள்ளிக் காவல் பணியில் இருப்போரும் பேரணிக்கு வந்தவராகவே கருதப்படுவர்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இருபதாவது பேரணிக்கு முந்தின நாள், அறுபத்து மூன்று பேரும் காவல் பணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, வகுப்பில் மின்விசிறி சுற்றுகிறது, பிள்ளைகள் விவரமானவர்கள்! மறுநாள் மணி அடித்ததிலிருந்து ஒருத்தரும் அசையாமல் காவல் காத்தார்கள். டீச்சர் கணக்கு நடத்தினார்.

அதற்காகப் பேரணியை நிறுத்த முடியுமா? நாங்கள் பதினோரு பேரும் நடந்தோம். முக்கில் பூ விற்கும் செல்லக்கிளி எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, இன்னைக்கு யாரும் கடை தொறக்கலியா? ஆபீசுக்கும் போகலியா?"

அலுவலகத்தில் 'வெளிப்பணி' என்று எழுதிவைத்துவிட்டு வந்திருந்த நான், பதிலாகப் பதாகையை உயர்த்திக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இன்று... ஊர் சுற்றுபவன்... நாளைய... குற்றவாளி."

வாசித்து முடித்து, எங்கள் பதினோரு பேரையும் இன்னொரு தடவை பார்த்தாள்.

"சரியாத்தான எழுதியிருக்கு!"